அடம் பிடிக்கும் பிள்ளையும் ஆற்றத் தெரிந்த பெரியவர்களும்

சின்னப் பிள்ளைகள் கத்தி அழுது ஆர்ப்பாட்டம் செய்வதற்குத் தமிழில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அடம், பிடிவாதம், முரண்டு, அழிச்சாட்டியம், நச்சரிப்பு, சிணுங்கல், ஆங்காரம். கொஞ்சம் யோசித்தால் இன்னும் நாலு தேறும். இவை எல்லாமே வெளியே நின்று பார்க்கிற பெரியவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிற வார்த்தைகள். அழுகிற பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் கிடைத்தது: ஆற்றாமை. அதையும் நாம் பெரியவர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பக்கத்து சீட்டுக்காரனுக்கு ப்ரமோஷன் கிடைத்தால் நமக்கு வருவது ஆற்றாமை. மூன்று வயசுப் பிள்ளைக்கு ஷூவில் கால் நுழையாவிட்டால் வருவது அடமாம் :-)

நினைத்தது நடக்கவில்லை. கை சொன்னபடி கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று முழுசாகச் சொல்ல வாயில் வார்த்தையும் இல்லை. இதுதான் அந்தப் பிள்ளையின் நிலைமை. இதைத் தாங்குவதற்கு அது எப்படிக் கற்றுக்கொள்கிறது, அதில் நம் பங்கு என்ன என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்றுதான் இந்த இடுகை. அகமதாபாத் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தங்கமணி, நான், இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான் வீடு. பாட்டி தாத்தா எல்லாம் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால்தான் வர முடியும். அதனால் இந்த விஷயம் எங்கள் வீட்டில் தினசரி சப்ஜெக்ட்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அழுகையை நிறுத்துவது ஒரு வேலை. ஆறுவதற்குக் கற்றுக்கொடுப்பது வேறு வேலை. நம் ஊரில் முதல் வேலையில் எல்லோரும் கில்லாடிகள். அதற்கென்று கைவசம் வைத்திருக்கிற உத்திகளில் பாதி, இரண்டாவது வேலை நடக்கவிடாமல் செய்கின்றன.

கைவசம் உள்ள நாலு வைத்தியங்கள்

ஒன்று, பயமுறுத்துவது. நம் ஊரில் பூச்சாண்டி. இங்கே குஜராத்தில் 'பாவோ', அதாவது மூட்டையோடு வருகிற சாமியார். வடக்கே 'பாபா'. இதுபோக தேசிய அளவில் போலீஸ்காரரும் ஊசி போடும் டாக்டரும் இருக்கிறார்கள். பிள்ளை உடனே வாயை மூடும், உண்மைதான். ஆனால் அதற்கு ஏற்கனவே இருந்த ஆற்றாமையோடு இப்போது பயமும் சேர்ந்துவிட்டது. அழுகை நின்றதால் நமக்கு நிம்மதி, பிள்ளைக்கு இரட்டைச் சுமை. அப்புறம் நிஜமாகவே காய்ச்சல் வந்து டாக்டரிடம் போகும்போது அது அலறினால் நாம் ஆச்சரியப்படுகிறோம்.

இரண்டு, தரையை அடிப்பது. குழந்தை ஓடி விழுந்துவிட்டால் "இந்தத் தரைதானே என் செல்லத்தைத் தள்ளிவிட்டது? அடி, அடி" என்று தரைக்கு நாலு போடு போடுவது. இந்தியா முழுக்க நான் பார்த்த இடமெல்லாம் இது இருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருக்கும். வலிக்கிறது என்றால் யாரையாவது அடிக்க வேண்டும் என்பதுதான் இதில் பிள்ளை படிக்கும் பாடம். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் கீபோர்டைக் குத்துகிற பெரியவர்களை எங்கள் ஆபீஸில் தினமும் பார்க்கிறேன்.

மூன்று, கேட்டதைக் கொடுத்துவிடுவது. பத்து நிமிஷம் "கிடையாது" என்று சொல்லிவிட்டுப் பதினோராவது நிமிஷம் பிஸ்கட்டை நீட்டினால், பதினோரு நிமிஷம் அழவேண்டும் என்று பிள்ளை சரியாகவே கற்றுக்கொள்கிறது. அதன் மேல் தப்பே இல்லை. கணக்கில் புலி.

நாலாவது செல்போன். இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

கோபத்தையும் அவசரத்தையும் அடக்கி யோசிக்கவைக்கிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபது வயது தாண்டி இன்னும் சில வருஷங்கள் ஆகும். இரண்டு மூன்று வயதில் அது இப்போதுதான் அஸ்திவாரம் போட்டிருக்கிற கட்டிடம். ஆசைப்படுகிற பகுதி, பயப்படுகிற பகுதி எல்லாம் முழு வேகத்தில் ஓடுகின்றன, பிரேக் மட்டும் இன்னும் பொருத்தவில்லை. அந்த நேரத்தில் போய் "இப்ப எதுக்கு அழற, காரணத்தைச் சொல்லு" என்று விசாரணைக் கமிஷன் வைத்தால் என்ன கிடைக்கும்?

இதைப் பற்றி ரொம்பப் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ளாரன்ஸ் குட்எனஃப் என்ற உளவியலாளர், பிள்ளைகள் கோபப்படுகிற ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று தாய்மார்களையே நோட்டில் எழுதச் சொன்னார். 45 பிள்ளைகள். அதை வைத்து 1931ல் புத்தகமே போட்டார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலும் தூங்கும் நேரத்தை ஒட்டியும் கோபம் அதிகம் என்பது அதில் தெரிந்த விஷயங்களில் ஒன்று. இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு, எங்க பாட்டியே சொல்லுவாங்களே என்பீர்கள். வாஸ்தவம். "புள்ளைக்குப் பசி வந்துடுச்சுடா, அதான்" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி ஒன்பதரை மணிக்கு மாலில் பில் போட வரிசையில் நின்றுகொண்டு, தூக்கம் சொக்குகிற பிள்ளையிடம் ஒழுங்கு எதிர்பார்க்கிறோம்.

ஆக, முதல் உதவி ரொம்பச் சாதாரணமானது. பசி, தூக்கம், கூட்டம், சத்தம். இந்த நாலையும் பார்த்தாலே பாதி அடம் வராது. மீதிப் பாதி வரும், வரத்தான் வேண்டும். அதில்தான் பாடமே இருக்கிறது.

இருபத்தொரு மரக்கட்டைகள்

1976ல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்று மூன்று பேர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை கல்வித் துறையில் ரொம்பப் பிரபலம். 3, 4, 5 வயதுப் பிள்ளைகள் 30 பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிடு கட்டச் சொன்னார்கள். ஒன்றோடொன்று பொருத்த வேண்டிய கட்டைகள், அந்த வயதுக்குத் தனியாகச் செய்ய முடியாது. கூட உட்கார்ந்த பெரியவர் என்னென்ன செய்தார் என்று கவனித்து ஆறு வேலைகளாகப் பிரித்தார்கள். ஆர்வம் உண்டாக்குவது, வேலையைச் சின்னதாக்குவது, வழி மாறாமல் பார்ப்பது, முக்கியமான இடத்தைச் சுட்டிக்காட்டுவது, செய்து காட்டுவது என்று ஐந்து. இவை எல்லா வாத்தியாரும் செய்வதுதான். ஆறாவது, பிள்ளையின் எரிச்சலை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது. பெரியவர் பக்கத்தில் இருந்தால் அந்த வேலை பிள்ளைக்குத் தனியாகச் செய்வதைவிடக் கொஞ்சம் இலேசாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தார்கள்: பிள்ளை அந்தப் பெரியவரையே நம்பி இருந்துவிடக் கூடாது.

கட்டிடம் கட்டும்போது போடும் சாரம் மாதிரி என்றுதான் இந்த உதவிக்குப் பேர் வைத்தார்கள். சுவர் காய்கிறவரை சாரம் இருக்க வேண்டும், அப்புறம் அவிழ்த்துவிட வேண்டும்.

நம் வீடுகளில் சாரத்தை ஒன்று போடுவதே இல்லை, இல்லாவிட்டால் அவிழ்ப்பதே இல்லை. டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டுகிற பிள்ளையைப் பார்த்தால் அப்பா "தனியாத் திறக்கக் கத்துக்கோ" என்று பேப்பரில் தலையைக் கொடுப்பார். பாட்டி "குடு கண்ணா" என்று பிடுங்கித் திறந்து, ஊட்டியே விட்டுவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மூடியின் ஒரு காதை மட்டும் நாம் தளர்த்திவிட்டு மற்றதைப் பிள்ளையிடம் விடுவது. முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். முடிந்துவிட்டால் அடுத்த தடவை அந்த ஒரு காதையும் தொடாமல் இருப்பது. தோற்கும்போது ஒரு படி கிட்டே வா, ஜெயிக்கும்போது ஒரு படி தள்ளிப் போ. இவ்வளவுதான் சூத்திரம். மூடி திறப்பது இதில் பெரிய விஷயமே இல்லை. கஷ்டமாக இருக்கிறது, எரிச்சல் வருகிறது, ஆனாலும் இன்னொரு தடவை முயற்சி செய்யலாம் என்று உடம்புக்குத் தெரிகிறதே, அதுதான் விஷயம்.

லிஃப்ட் பட்டன்

இதெல்லாம் வேலை விஷயத்துக்குச் சரி, ஒன்றும் செய்ய முடியாத ஏமாற்றத்துக்கு என்ன செய்வது? ஒரு உதாரணம் சொல்கிறேன். அபார்ட்மெண்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு லிஃப்ட் பட்டன் மகிமை தெரியும். எங்கள் சின்னவனுக்கு மூணு வயசு. எங்கள் ஏழாம் நம்பரை அவன்தான் அமுக்க வேண்டும். ஒருநாள் கூட ஏறின ஒரு காக்கா (குஜராத்தியில் சித்தப்பாங்க, பறவை இல்லை) நல்ல மனசோடு அவரே அமுக்கிவிட்டார். முடிஞ்சது கதை. பையன் லிஃப்ட் தரையில் பப்பரப்பே.

காக்கா பதறிப்போய், "பேட்டா, கீழே போய்த் திரும்ப வரலாம், நீயே அமுக்கு" என்றார். தங்கமணி வேண்டாம் என்று சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

"நீ அமுக்கணும்னு நெனச்சே. அவரு அமுக்கிட்டாரு. கோவம் வருது, இல்லடா?"

பதிலுக்கு இன்னும் சத்தமாக அழுகை. ஏழாம் மாடி வந்தது. தூக்கி வெளியே வைத்துவிட்டுச் செருப்பு ஸ்டாண்ட் பக்கத்திலேயே அவளும் உட்கார்ந்தாள். பேசவில்லை. முதுகில் கை மட்டும். நாலைந்து நிமிஷம் இருக்கும். அழுகை விம்மலாக மாறி, விம்மல் மூக்கு உறிஞ்சலாக மாறி, கடைசியில் அவனே சொன்னான்: "கீழ போம்போது நான்."

"ஆமாடா கண்ணா. கீழ போகும்போது நீதான்."

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. பட்டன் திரும்ப அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழுததற்குத் திட்டும் கிடைக்கவில்லை. அடங்குகிற வரை ஒரு ஆள் பக்கத்தில் இருந்தது. அந்த "கீழ போம்போது நான்" என்பது அவனே கண்டுபிடித்த தீர்வு, யாரும் சொல்லித் தரவில்லை. மூணு வயசுக்கு அது பெரிய சாதனை என்பேன். அந்த வார்த்தையை அவள் ஞாபகம் வைத்திருந்து சாயந்திரம் பார்க்குக்குப் போகும்போது "வா, நீதானே அமுக்கணும்" என்று அவனைத் தூக்கிப் பிடித்தாள். இந்தக் கடைசிப் பகுதி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு மிட்டாய்க் கதை சொல்ல வேண்டும்.

மிட்டாய் சோதனையும் அதன் மறுபாதியும்

ஸ்டான்ஃபோர்டு மார்ஷ்மெல்லோ சோதனையை ட்ரெயினிங் ப்ரோக்ராமில் கேட்காத ஐடிக்காரன் இருக்க முடியாது. 1960களின் கடைசியில் தொடங்கி வால்டர் மிஷெல் என்பவர் நர்சரிப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. தட்டில் ஒரு மிட்டாய். கால் மணி நேரம் வரை தொடாமல் காத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. காத்திருந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகு பரீட்சை மார்க்கில் முன்னால் இருந்தார்கள் என்று 1990ல் ஒரு கட்டுரை வந்தது. அன்றிலிருந்து "பொறுத்தார் பூமி ஆள்வார்" ரேஞ்சில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நிறையப் பேர் வீட்டிலேயே ஜெம்ஸ் மிட்டாயை வைத்துப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்து வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள்.

இந்தக் கதையின் மறுபாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 2013ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் 28 பிள்ளைகளை வைத்து ஒரு சின்ன மாற்றத்தோடு இதைச் செய்தார்கள். மிட்டாய்க்கு முன்னால் படம் வரைகிற வேலை. "கொஞ்சம் இரு, இதைவிட நல்ல க்ரேயான் எடுத்துட்டு வரேன்" என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மீதிப் பாதியிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். ஸ்டிக்கரை வைத்தும் இதே மாதிரி ஒரு தடவை. அப்புறம்தான் மிட்டாய். பெரியவர் சொன்ன சொல் காப்பாற்றியதைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் காத்திருந்தது மூன்று நிமிஷம். முதல் கூட்டத்தில் 14க்கு 9 பேர் கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்.

2018ல் டைலர் வாட்ஸும் இன்னும் இருவரும் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்துப் பழைய முடிவைச் சரிபார்த்தார்கள். காத்திருப்புக்கும் பிற்கால மார்க்குக்கும் இருந்த தொடர்பு பழைய ஆராய்ச்சியில் சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் இவற்றை எல்லாம் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு நாளில் நாம் பிள்ளைகளிடம் எத்தனை பொய்ச் சத்தியம் செய்கிறோம்? "நாளைக்கு வாங்கித் தரேன்." "அப்பா இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்." "ஊசி வலிக்கவே வலிக்காது." "அழாம இரு, பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்." நாளைக்கு மறந்துவிடும் என்ற நம்பிக்கையில் வீசுகிற வார்த்தைகள். பெரியவர்கள் சொன்னதைச் செய்ய மாட்டார்கள் என்று அனுபவத்தில் தெரிந்த பிள்ளை, கிடைக்கிறதை இப்போதே பிடுங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதைப் போய்ப் "பொறுமையே இல்லை" என்கிறோம். பொறுமை என்பது பிள்ளையின் குணம் என்று நினைக்கிறோம். அதில் பெரிய பங்கு நம் நாணயம்.

அந்த மிஷெலேகூடப் பிள்ளைகளின் மன உறுதியைப் பற்றி மட்டும் பேசவில்லை. காத்திருந்த பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள் என்று கவனித்தார். மிட்டாயை மேகம் என்று நினைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தால் மற்ற பிள்ளைகளும் கூடுதல் நேரம் தாங்கினார்கள். ஆக, இது கற்றுக்கொடுக்கக் கூடிய வித்தை.

செல்போன் வைத்தியம்

நாலாவது வைத்தியத்துக்கு வருவோம். ஓட்டலில், ரயிலில், கல்யாண வீட்டில், பிள்ளை சிணுங்கினால் கையில் போன். ஒரு நொடியில் அமைதி. பூச்சாண்டியைவிட வேகம், பிஸ்கட்டைவிட மலிவு. இதைச் செய்கிற அப்பா அம்மாக்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. முப்பத்திரண்டு மணி நேர ரயில் பயணத்தில் எதிர் சீட்டுக்காரர் முறைக்கும்போது யாருக்கும் வேதாந்தம் வராது.

ஆனால் எப்போதாவது போன் காட்டுவது வேறு, அழுகிறபோதெல்லாம் போன் காட்டுவது வேறு. அமெரிக்காவில் ஜென்னி ராடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரின் குழு, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 422 பேரிடம் விவரம் சேகரித்தது. 2022 டிசம்பரில் முடிவு வெளியானது. அழுகையை அடக்க அடிக்கடி போன் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம், முக்கியமாகப் பையன்களிடமும் ஏற்கனவே துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைகளிடமும், சட்டென்று பொங்குகிற குணம் பிறகு அதிகம் காணப்பட்டது. போன்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பொங்குகிற பிள்ளைக்குத்தான் போன் கொடுக்கத் தோன்றும் என்பதும் உண்மை. ஆனால் லாஜிக் எளிது. ஒவ்வொரு தடவை கொதிக்கும்போதும் போன் வந்து அணைத்துவிட்டால், தானாக ஆறுவதற்குப் பழகுகிற சந்தர்ப்பம் ஒவ்வொன்றும் பறிபோகிறது. நீந்தப் பழக வேண்டிய பிள்ளையைத் தண்ணீரைக் கண்டாலே தூக்கிவிடுகிற மாதிரி. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2021ல் சொல்லியிருக்கிறது.

பிள்ளை கையில் இருக்கிற போனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், நம் கையில் இருப்பது? எட்வர்டு ட்ரோனிக் என்பவர் 1970களில் செய்த சோதனை ஒன்று. கைக்குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கும் அம்மா, சொன்னபடி திடீரென்று முகத்தை உணர்ச்சியே இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நிமிஷம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது. பதிலே இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகிறது. போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற நம் முகம் கீழே இருந்து பார்க்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

"இப்படிக் கொஞ்சினா குட்டிச்சுவராத்தான் போவான்"

போன தடவை ஊரிலிருந்து வந்திருந்தபோது அத்தை (மாமியார்தான்) சொன்னது இது. "நாங்கல்லாம் அஞ்சு பிள்ளைய வளத்தோம் மாப்ளை. அழுதா அழட்டும்னு விட்டுருவோம். எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீட்டில் அழுகிற பிள்ளையை உண்மையிலேயே யாரும் அப்படியே விடவில்லை. அம்மா விட்டால் பாட்டி தூக்கினார். பாட்டி விட்டால் பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு கோழியைக் காட்டினார். கொதிக்கிற பாலை டபராவிலிருந்து டம்ளருக்கு மாற்றி மாற்றி ஊற்றுகிற மாதிரி, அந்தப் பிள்ளையை ஆற்ற நாலு கை இருந்தது. இதையே அத்தையிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரிதான், எங்க மாமியா ஒரு நிமிசம் கீழ விட மாட்டாங்க" என்றார்.

கொஞ்சுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோபப்பட அனுமதி உண்டு, அடிக்க அனுமதி இல்லை. அழ அனுமதி உண்டு, அழுததற்காகச் சாக்லேட் இல்லை. எல்லை எல்லையாகவே இருக்கும், அந்த எல்லையில் முட்டிக்கொண்டு வலிக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கும். கண்டிப்பும் அணைப்பும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நேரத்தில் வர முடியும் என்று ஏனோ நம் ஆட்கள் நம்புவதே இல்லை. அப்பா கண்டிப்பு, அம்மா அணைப்பு என்று டிபார்ட்மெண்ட் பிரித்துவிட்டோம்.

அந்த ஆள் எங்கே?

என் முக்கியமான புகாரே இதுதான். பிழைக்க வந்த ஊரில் அந்த நாலு கை இல்லை. இரண்டு பேரும் ஆணி பிடுங்கிவிட்டு ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், பிள்ளையைவிட நமக்குத்தான் பசியும் தூக்கமும். தானே கொதித்துக்கொண்டிருக்கிறவர் இன்னொருவரை எப்படி ஆற்றுவார்? 2017ல் சட்டத்தைத் திருத்தி மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கினார்கள், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் பிள்ளைக்கு அடம் உச்சத்தில் இருப்பது ஒன்றரை, இரண்டு, மூன்று வயதில். அப்போது அது பெரும்பாலும் யாரோ ஒரு ப்ளே ஸ்கூலில் இருக்கிறது.

எங்கள் பெரியவளைச் சேர்ப்பதற்காக நாங்கள் பார்த்த ஒரு ப்ளே ஸ்கூலில் (பேர் வேண்டாம்) சுவரில் சார்ட் ஒட்டியிருந்தார்கள். அழாமல் இருந்த பிள்ளைக்குத் தினமும் ஒரு ஸ்டார். பிரின்சிபால் மேடம் ஏசி, ஸ்மார்ட் போர்டு, ஃபோனிக்ஸ் எல்லாம் பெருமையாகக் காட்டினார். "ஒரு பிள்ளை அழுதா யார் பார்த்துப்பாங்க?" என்று தங்கமணி கேட்டாள். "மாசி இருக்காங்க" என்றார். மாசி என்றால் இங்கே சித்தி, பள்ளிக்கூட ஆயாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்துச் சொச்சம் பிள்ளைக்கு ஒரு மாசி. டயப்பரும் அவர்தான், டிபனும் அவர்தான், தரை துடைப்பதும் அவர்தான். அந்த ஸ்கூலில் பிள்ளையின் மனசைப் பொறுத்தவரை மிக முக்கியமான வேலையைச் செய்கிற ஆள் அவர். அங்கே இருந்தவர்களிலேயே சம்பளம் குறைவானவரும் அவராகத்தான் இருப்பார்.

அங்கன்வாடியிலும் இதே கதைதான். 1975ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு மையத்துக்குப் பொதுவாக ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். சத்துணவு, எடை, தடுப்பூசி, ரிஜிஸ்டர், மொபைல் ஆப் எல்லாம் அவர்கள் தலையில். 2022ல் வந்த மூன்று முதல் எட்டு வயதுக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, 2024ல் வந்த மூன்று வயதுக்குள்ளான பிள்ளைகளுக்கான 'நவசேதனா' இரண்டிலும் பிள்ளைகளின் மனவளர்ச்சி பற்றி நல்ல நல்ல விஷயங்கள் இருக்கின்றன. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. செய்வதற்குக் கை வேண்டுமே.

இத்தனைக்கும் இந்தக் குஜராத்தில் இது புதுசு இல்லை. கிஜுபாய் பதேகா என்று ஒரு வக்கீல். தனக்கு மகன் பிறந்ததும் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்ற யோசனை வந்து, மாண்டிசோரியைப் படித்து, வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு 1920ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். மீசை வைத்த அம்மா என்று அவருக்குச் செல்லப் பேர். அவர் எழுதிய 'திவாஸ்வப்ன' கதையில் ஒரு வாத்தியார் முதல் நாள் வகுப்புக்குப் போய் அமைதி விளையாட்டு நடத்தப் பார்ப்பார். சத்தம் போடாமல் சுற்றிலும் கேட்கிற ஓசையைக் கவனி என்றால் பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரி கத்துவார்கள். மறுநாள் கதை சொல்ல ஆரம்பிப்பார். கப்சிப். "அமைதியா இரு" என்று ஆணையிட்டு அமைதி வராது, கூட உட்கார்ந்து உண்டாக்கினால்தான் வரும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பக்கத்து ஊர்க்காரர் செய்து காட்டியாகிவிட்டது.

அதனால் என் கருத்து இதுதான். ப்ளே ஸ்கூல் தேடும்போது சிலபஸ் கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர்கள், போன வருஷம் இருந்த மாசி இந்த வருஷமும் இருக்கிறாரா, அழுகிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நாலு பெற்றோர் கேட்டால் ஸ்டார் சார்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு மாசியைச் சேர்ப்பார்கள். வீட்டில், முடிகிற வாக்கை மட்டும் கொடுங்கள், கொடுத்ததைச் செய்யுங்கள். பிள்ளை கொதிக்கும்போது பேசிப் புரியவைக்க முயற்சி செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள், பேச்சு அப்புறம் இருக்கட்டும். அதற்கு நாலைந்து நிமிஷம் பிடிக்கும். அந்த நிமிஷங்களுக்குத்தான் இன்றைக்கு நம் வீடுகளில் பஞ்சம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆபீஸில் க்ளையண்ட் கத்தும்போது அரை மணி நேரம் அமைதியாக "ஷ்யூர், ஐ அண்டர்ஸ்டாண்ட்" சொல்கிற ஆட்கள்தானே நாம்? :-)

டிஸ்கி: நான் டாக்டரோ உளவியல் நிபுணரோ இல்லை, படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். அடம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, பேச்சு வர ரொம்பத் தாமதமானாலோ, ஐந்து வயது தாண்டியும் தினமும் இதே நிலை என்றாலோ இந்த மாதிரி இடுகைகளைப் படித்துக்கொண்டிருக்காமல் நல்ல குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.